பிடிவிட்ட தோல்

என் கணவருக்கு முதலில் வாயில்தான் புண் வந்தது. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு வட்டம், பிறகு அண்ணத்தில், பிறகு நாக்குக்குக் கீழே. அவருக்கு வெற்றிலைப் பழக்கமும் இல்லை, சுருட்டும் இல்லை. சூடு என்றார்கள். நல்லெண்ணெய் வைத்து முழுக வார்த்தேன். கறியில் உறைப்பை நிறுத்தினேன், பிறகு புளியை, கடைசியில் உப்பையும் குறைத்தேன். மருதானையில் ரயில்வே கந்தோர் ஒன்றில் அவர் கிளாக்கராக இருந்தார். மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுத்த தயிர்ச்சோறு பின்னேரம் அப்படியே திரும்பி வரத் தொடங்கியது. “சாப்பிட நேரமில்லை” என்பார். வாய் திறக்கவே நோகும் மனிதரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

சில மாதம் அப்படியே போனது. பிறகு நெஞ்சில் ஒரு கொப்புளம், சுடுதண்ணீர் பட்டது போல. அது உடைந்தது. உடைந்த இடம் ஆறவில்லை, விளிம்பு மட்டும் அகன்றுகொண்டே போனது. ஒருநாள் வேலையால் வந்து போட்டிருந்த சேட்டைக் கழற்றும்போது தோளில் இருந்த தோலும் சேட்டோடு வந்தது. புண் இருந்த இடமில்லை அது. காலையில் நல்ல தோலாக நான் பார்த்த இடம். இரத்தம்கூட அதிகம் இல்லை. நனைந்த கடதாசி போல வழுகிப் போய்ச் சுருண்டு நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அடுத்த நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

நாங்கள் அப்போது வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், அவர் யாழ்ப்பாணத்துச் சைவர். பதிவுக் கலியாணம். என் வீட்டார் கொஞ்சக் காலம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு நத்தார்ப் பண்டிகைக்குக் கேக்கோடு வந்தார்கள். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது ஒரு அக்கா. இளவயதில் விதவையானவ. அந்த அக்கா எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரை வைத்துக்கொண்டார்கள். ஊதாத் தூள் கரைத்த தண்ணீரில் கழுவினார்கள், ஊசி போட்டார்கள். வாட்டு டொக்டர் நோயின் பெயரைச் சொன்னார்: பெம்பிகஸ். பெயர் தெரிந்ததால் ஒரு ஆறுதலும் வரவில்லை. மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். “சிலவேளை தானாக நிற்கும்” என்றார். அந்தச் ‘சிலவேளை’யை அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

தோலில் ஒரு சிறு துண்டை வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு கேட்க நான்தான் போனேன். அங்கே இருந்தவர் ஒரு தமிழ் டொக்டர், என்னிலும் இளையவர். கண்ணுக்குக் கீழே கறுத்து, தாடியும் வழிக்காமல் இருந்தார். உலக யுத்தம் வந்த பிறகு அந்த அறையின் வேலை முழுவதும் அவர் தலையில்தான் என்று வாசலில் நின்ற நேர்ஸ் சொன்னா.

“ஏன் டொக்டர் தோல் இப்பிடிக் கழண்டு வருது?” என்று கேட்டேன். “அழுகின தோலெண்டால் விளங்கும். இது நல்ல தோல்.”

அவர் ஏதோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, கதிரையை விட்டு எழும்பினார்.

“சொல்லி விளங்காது. வந்து பாருங்கோ.”

முதலில் மைக்கிரஸ்கோப்பில் வேறு யாருடையதோ நல்ல தோலை வைத்தார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் குழாயில் வைக்க எனக்குத் தெரியவில்லை. என் கண் இமைதான் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. ஊதாவும் ரோசுமாகச் சிறு சிறு பெட்டிகள், நெருக்கி அடுக்கி வைத்தது போல. இப்போது பள்ளிக்கூடப் புத்தகங்களில் கலம் என்று எழுதுகிறார்கள். அன்று அவர் செல் என்றுதான் சொன்னார். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே மயிரிழை அளவு வெளி. அந்த வெளி வெறுமையாக இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நுண்ணிய கோடுகள், சீப்பின் பற்கள் போல வரிசையாக.

“இதுக்கு முள்ளுச் செல் எண்டு சொல்லுறது” என்றார். “சுத்திவர முள்ளு மாதிரி நிக்குது, தெரியுதோ? பக்கத்துச் செல்லின்ர முள்ளும் இதின்ர முள்ளும் நடுவிலை சந்திக்குது. சிலர் அது ஒரே பாலம் எண்டு சொல்லுகினம். சிலர் ரெண்டு நுனி வந்து ஒட்டியிருக்குது, ஒட்டின இடத்திலை ஒரு முடிச்சு இருக்கெண்டு சொல்லுகினம். இந்த மைக்கிரஸ்கோப்பிலை அது தெரியாது. ஆனா தோல் தோலா நிக்கிறது இதாலைதான். நீங்கள் ஒரு வாளி தண்ணி தூக்கேக்கை கைத்தோல் வாளியோடை போகாமல் இருக்கிறதும் இதாலைதான்.”

பிறகு என் கணவருடையதை வைத்தார். மேலடுக்கும் கீழடுக்கும் விலகி, நடுவே ஒரு குளம் போலக் கிடந்தது. அந்தக் குளத்தில் செல்கள் உருண்டையாகி, ஒன்றையொன்று தொடாமல், கஞ்சியில் சவ்வரிசி மிதப்பது போல மிதந்தன. முள் ஒன்றும் இல்லை. அடியில் ஒரே ஒரு வரிசை மட்டும், வேலிக்கு நட்ட கதியால் மாதிரித் தனித்தனியாக நின்றது.

“இதெல்லாம் செத்துப்போச்சுதோ?”

“இல்லை. அதுதான் இதிலை புதினம். உயிரோடைதான் இருக்குது. பிடியை மட்டும் விட்டிட்டுது.”

“ஏன் விட்டது?”

“தெரியாது” என்று கண்ணைக் கசக்கினார். “ஒருத்தருக்கும் தெரியாது.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முன்கையை நகத்தால் கீறிப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கோடு விழுந்து மறைந்தது. தோல் அசையவில்லை. பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டாவோ என்று கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கட்டில்கள் தேவைப்பட்டன. குண்டு விழுந்தால் காயக்காரரை எங்கே போடுவது? வீட்டில் பார்க்கக்கூடியவர்களை அனுப்பினார்கள். என் கணவரையும் அனுப்பினார்கள். அதைக் குறையாக நான் சொல்லவில்லை, அங்கே செய்ததையெல்லாம் வீட்டிலும் செய்யலாம்தான். போகும்போது ஒரு சிங்கள நேர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, துணி ஒன்றிலும் படுக்கவைக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளும், ‘கெசெல் கொள’ போடுங்கள் என்றா. வாழையிலை. குருத்திலையாகப் பார்த்து, நடு நரம்பைச் சீவி, தணலில் வாட்டி, தேங்காயெண்ணெய் பூசிப் பரப்ப வேண்டும். வெயிலேற அது காய்ந்து சுருளும். அதற்கு முன் மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் ஆளைத் தூக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்தால் அக்குள் தோல் கையோடு வரும். தனியாள் செய்யும் வேலையில்லை. ஒரு கிழமைக்குள் நான் நடந்தபடியே நித்திரை கொள்ளப் பழகிவிட்டேன். அடுப்பில் உலை கொதிக்கும்போது சுவரோடு சாய்ந்து நின்று நித்திரை கொள்வேன்.

அப்போதுதான் மச்சாள், அவரை வளர்த்த அந்த அக்கா, செய்தி கேட்டு வந்தா. கொழும்புச் சனம் யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் தொங்கிக்கொண்டு ஓடிய காலம். எதிர்ப்பக்கம் வரும் ரயில் வெறுமையாக வந்ததாம், பெஞ்சில் நீட்டிப் படுத்து வந்ததாகத் தம்பிக்குச் சொன்னா. எனக்குச் சொல்லவில்லை. என்னோடு கதைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, கிணற்றடியில் கால் கழுவி, நேரே அறைக்குள் போய்த் தம்பியைப் பார்த்தா. முகத்தில் கை வைக்கப் போய், நான் “தொடாதேங்கோ” என்று கத்தியதும் கையை எடுத்தா. பிறகு பின்வளவில் மூன்று கல் வைத்துத் தனக்குத் தனியாகச் சமைத்தா.

என்னிடம் ஏதும் கேட்க வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பா. “தண்ணி சூடாக்கியாச்சோ?” நானும் சுவருக்குப் பதில் சொல்வேன். இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, கீழே கிடக்கும் பழைய இலைகளோடு சேர்த்தே அவரை உயர்த்தி, புதிய இலைகளைச் செருகுவோம். உயர்த்தும் நேரம் ஒரே நேரமாக இருக்க வேண்டும். கதைக்காமல் அதைச் செய்ய முடியாதல்லவா? ஆகவே அவர்தான் சொல்லுவார், வலியைப் பிடித்துக்கொண்டு: “ம்... இப்ப.” நாங்கள் தூக்குவோம்.

என்னை நோக்கி மச்சாள் பேசிய முதல் பேச்சு ஏச்சுத்தான். ஒருநாள் களைப்பில் நான் இலையை மறுபக்கமாகப் பரப்பிவிட்டேன்.

“உனக்கென்ன விசரே? நரம்பு மேலை நிக்கப் போட்டிருக்கிறாய். தம்பிக்குக் குத்தாதோ?”

“எனக்குக் கண் தெரியேல்லை மச்சாள். நித்திரை வருது” என்றேன்.

அவ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தா. “போய்ப் படு. நான் பார்க்கிறன்” என்றா. நான் போய்ப் படுத்தேன். எழும்பும்போது பின்னேரம்.

இலைக்குப் பஞ்சம் வந்திருக்கும். பக்கத்து வளவு ஒரு முஸ்லிம் வியாபாரியுடையது, புறக்கோட்டையில் துணிக்கடை. அவர்கள் குடும்பத்தோடு கண்டிப் பக்கம் புறப்படும்போது அந்த வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் கூப்பிட்டா. “எங்கட வளவுல வாழ நெறைய நிக்கிது. கேக்கவே வேணாம், வெட்டி எடுங்க. ஒங்கட மாப்பிள சொகமாகணும், நாங்க துவா செய்றோம்.” அந்த வாழைகள் ஒன்றுக்கும் பிறகு குருத்து விரிய நாங்கள் விடவில்லை. விரல் போன கைபோல மொட்டையாக நின்றன.

உயிர்த்த ஞாயிறு காலை ஜப்பான் விமானங்கள் வந்தன. நான் பூசைக்குப் போகவில்லை, அவருடைய முதுகைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு, நம்முடைய விமானங்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு துறைமுகப் பக்கம் இடி இடித்தது போல அதிர்ந்தது. ஒழுங்கையில் யாரோ ஓடினார்கள். எங்கள் முற்றத்திலும் ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தது. வெட்டியபோதே எனக்குத் தெரியும், அவரை அதற்குள் இறக்க முடியாது. நாலு பேர் பிடித்து இறக்கினால் பிடித்த நாலு இடத்திலும் தோல் இருக்காது.

“நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ” என்றார் அவர். “அக்கா, இவவைக் கூட்டிக்கொண்டு போ.”

மச்சாள் கட்டிலின் மறுபக்கம் நிலத்தில் குந்தினா. எனக்கும் போகத் தோன்றவில்லை. வீரம் ஒன்றும் இல்லை அதில். முதுகு பாதிதான் கழுவியிருந்தது, மிச்சத்தை அப்படியே விட்டால் காய்ந்து இழுக்கும். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. நான் கழுவினேன். மச்சாள் தேவாரம் முணுமுணுத்தா, நான் எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன். சத்தம் கடலோடு போய் அடங்கியது. அவர் கண்ணை மூடியபடி, “ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை சொன்னால் ஆர்தான் கேக்கிறது?” என்றார். மச்சாள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சிரித்தா.

அதற்குப் பிறகு வெள்ளவத்தையே வெறிச்சோடிப் போனது. கடைகள் பூட்டு. தெருவில் ஆளில்லாமல் ரயில் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. மச்சாளின் தனி அடுப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தால் என் பானையிலிருந்து சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தா. மனம் மாறியதென்று நான் நினைக்கவில்லை. இன்னொரு அடுப்பு மூட்ட உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

ஊதாத் தூள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த ஆய்வுகூட டொக்டரை எட்டிப் பார்ப்பேன். ஒருமுறை அவர் ஏதோ வாசித்ததைச் சொன்னார்: கடல் பிராணிகளின் கருவை எடுத்து, சுண்ணாம்புச் சத்தில்லாத உப்புத் தண்ணீரில் போட்டால் செல்கள் எல்லாம் பிரிந்து போகுமாம், சத்தைத் திருப்பிச் சேர்த்தால் மறுபடி ஒட்டுமாம். அவர் சும்மா சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். குரக்கன் கூழை ஆறவைத்துக் கொடுத்தேன், முருங்கையிலைச் சாறு பிழிந்து கொடுத்தேன், பால் எங்கே கிடைத்தாலும் வாங்கினேன். புண் வாயால் அவர் ஒவ்வொரு மிடறாக விழுங்குவார். மச்சாளும் காரணம் கேட்காமல் குரக்கன் திரித்துத் தந்தா. இரண்டு மூன்று கிழமை கொப்புளம் குறைந்தது போலவும் இருந்தது. பிறகு ஒரு காலையில் தலை முழுவதும் வந்தது. டொக்டரிடம் சொன்னேன்.

“அவரின்ரை இரத்தத்திலை சுண்ணாம்புச் சத்துக்குக் குறைவில்லையே” என்றார் மெல்ல. “நான் அப்பிடிச் சொன்னது பிழை. ஆனா கூழைக் குடுங்கோ. அவருக்கு இறங்கிற சாப்பாடு அதுதானே.”

அன்றைக்கே அவர் இன்னொன்றும் கேட்டார். புதிதாக வந்த கொப்புளத்தின் ஓரத்தில், இன்னும் உடையாத இடத்தில், ஒரு துண்டு வேண்டும். முள் கழலும் தறுவாயைப் பார்த்தால் ஏதும் தெரியக்கூடும். என் கணவருக்குப் பிரயோசனப்படாது, பிறகு வருபவர்களுக்குப் படலாம்.

நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது மச்சாள் வெகுண்டுவிட்டா. “மிச்சம் இருக்கிறதே கொஞ்சத் தோல். அதையும் வெட்டிக் குடுக்கிறதோ? நான் இருக்குமட்டும் ஆரும் அவன்ரை உடம்பிலை கத்தி வைக்க விடமாட்டன்.”

எனக்கும் விருப்பமில்லை. ஆனால் அறைக்குள் அவருக்குக் கேட்டுவிட்டது.

“இஞ்சரும்” என்று கூப்பிட்டார். என்னை நீர் என்றுதான் சொல்வார். “அவரை வரச்சொல்லும். எடுக்கட்டும்.”

“தம்பி, நோகும்.”

“நோகாத இடம் எதக்கா? ஏன் விடுதெண்டு ஆரேனும் ஒருத்தன் அறியத்தானே வேணும். நானும் கேக்கிறன், ஒருத்தரும் சொல்லுறதில்லை.”

டொக்டர் சைக்கிளில் வந்தார். துண்டை எடுத்து ஒரு சின்னப் போத்தலில் போட்டார். மச்சாள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஆனாலும் தம்பியின் தலைமாட்டில் நின்றா. போகும்போது டொக்டர் கை கழுவத் தண்ணீர் கேட்டார். மச்சாள்தான் செம்பில் கொண்டுபோய் ஊற்றினா.

தென்மேற்கு மழை தொடங்கி ஈரம் வீட்டுக்குள் ஏறிய நாட்களில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. பிறகு விடவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நாங்கள் இலை மாற்றுவதற்குப் பக்கத்தில் போய் நின்றோம். “இப்ப” என்ற சத்தம் வரவில்லை. நாங்கள் காத்து நின்றோம். கொஞ்சம் பொறுத்து மச்சாள் தானே, “இப்ப” என்றா. தூக்கினோம். தூக்கும்போதே இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் புதிய இலையைச் செருகிவிட்டுத்தான் இறக்கினோம்.

பிரேதத்தைக் குளிப்பாட்டும்போது எண்ணெய், அரப்பு வைத்துத் தேய்க்க வேண்டும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். “ஒண்டும் தேய்க்க வேண்டாம். தண்ணி மட்டும் ஊத்துங்கோ” என்று மச்சாள் குறுக்கே நின்றா. அவர்கள் ஊற்றினார்கள். கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். நான் அழுதேனா என்று நினைவில்லை. செத்த வீட்டில், பறை ஒலியோ ஒப்பாரியோ ஒன்றும் காதில் ஏறாமல், சுவரோடு சாய்ந்து நித்திரை கொண்டுவிட்டேன் என்று பிறகு என் தங்கச்சி சொன்னாள். சிலர் அதைப் பற்றிக் குறையாகக் கதைத்தார்களாம். “அவளைப் படுக்க விடுங்கோ” என்று மச்சாள் ஏசினாவாம்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் மச்சாள், “என்னோடை ஊருக்கு வாறியோ?” என்று கேட்டா. முறைக்காகக் கேட்டதில்லை, வந்திருந்தால் வைத்திருப்பா. ஆனால் அவர் இல்லாமல் எங்கள் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புக்குப் படிப்பித்தேன். நீண்ட காலம் எந்த வேலையைத் தொட்டாலும் களைப்பாகவே இருந்தது. முப்பது பிள்ளைகளின் சத்தம் எனக்கு நல்லதாகத்தான் இருந்தது.

நாடு வெள்ளைக்காரரிடமிருந்து கைமாறிச் சில வருடங்களுக்குப் பிறகு புதிய மருந்தொன்று வந்து அந்த நோய்க்காரர் பலர் பிழைப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் வெகு காலம் பிறகு, ஓய்வு பெற்றுவிட்ட அந்த டொக்டரை வெள்ளவத்தைக் காலி வீதியில் கண்டேன். என்னை அடையாளம் பிடித்தார். நடுவிலிருப்பது முடிச்சுத்தானாம், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து கோத்துக்கொள்வதாம், இப்போது பெரிய கருவிகளில் பார்த்துவிட்டார்களாம். கிருமியைக் கொல்ல இரத்தத்தில் இருக்கும் காவற்பொருள்தான், ஆள் மாறி, அந்த முடிச்சில் போய் விழுந்து அவிழ்க்கிறதாம். “ஏனெண்டு அவர் கேட்டவரல்லோ” என்றார். “சொல்ல ஆளில்லாமல் போச்சு.”

அடுத்த மாதமே யாழ்ப்பாணம் போனேன். மச்சாளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவ நன்றாக ஒடுங்கிப் போயிருந்தா, காதும் மந்தம். முற்றத்தில் இருந்து உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய இரத்தமே அவருடைய தோலின் பிடியை அவிழ்த்துவிட்டது என்றேன்.

மச்சாள் கையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தா.

“அவன்ரை இரத்தமோ?” என்றா. “அவன் ஆருக்கும் கெடுதல் நினையாதவன். தனக்கு எப்பிடி நினைப்பான்? உன்ரை டொக்டருக்கு ஒண்டும் தெரியாது.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காயப்போட்ட மிளகாயைக் கிண்டிவிட அவ எழும்பினா, நானும் கூடப் போனேன்.